எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதா, அடக்குவதா? மோட்டார் நியூரான் நோயில் நாங்கள் எடைபோட்ட வழிகள்

சித்தப்பாவை முதலில் கைவிட்டது கத்தரிக்கோல்தான். திருமங்கலத்தில் நாற்பது வருடம் துணி வெட்டிய கை அது. ஒருநாள் பேன்ட் துணியை இரண்டாக மடித்து வெட்டும்போது பாதியிலேயே நின்றுவிட்டது. சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டார். அடுத்து, காஜா எடுக்க ஊசியைப் பிடிக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கையை மடியில் வைத்துப் பார்த்தேன். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. மேல்கையில் தோலுக்கு அடியில் ஏதோ சின்னச் சின்னதாகத் துடித்துக்கொண்டே இருந்தது. "வலிக்குதா சித்தப்பா?" என்றேன். "வலியே இல்லம்மா" என்றார். அந்த வலியில்லாமைதான் எங்களை ஏழு மாதம் ஏமாற்றியது.

தசையின் மின்சாரத்தை அளக்கும் இ.எம்.ஜி., கழுத்து எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து நரம்பியல் டாக்டர் சொன்னது மோட்டார் நியூரான் நோய். அதில் அதிகம் காணப்படும் ஏ.எல்.எஸ். என்ற வகை. மூளையிலிருந்தும் முதுகுத் தண்டிலிருந்தும் தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய். பிரான்ஸில் ஷார்கோ என்ற டாக்டர் 1869இலேயே இதை விவரித்துவிட்டார். ஆனாலும் பெரும்பாலோருக்கு அறிகுறி தொடங்கி இரண்டிலிருந்து ஐந்து வருடம்தான் என்ற கணக்கு இன்னும் பெரிதாக மாறவில்லை.

அன்று இரவு வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். பேச்சு முழுக்க ஒரே வார்த்தையைச் சுற்றிச் சுற்றி வந்தது: எதிர்ப்பு சக்தி. "எதிர்ப்பு சக்தி குறைஞ்சதாலதான் வந்திருக்கு, கூட்டணும்" என்றார் அத்தை. "இல்ல, அது கூடிப்போய் நரம்பைத் தாக்குது, ஸ்டீராய்டு குடுத்து அடக்கணும்" என்றான் சித்தப்பா மகன். யாரோ கொடுத்த ஸ்டெம் செல் கிளினிக் நோட்டீஸ் ஒன்று மேசையில் கிடந்தது. லண்டனில் இருக்கும் பெரியம்மா மகள், இன்டர்லூக்கின்-2 என்ற ஊசியைப் பற்றிய செய்தியை அனுப்பியிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறவள் நான் என்பதால், எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் படித்தேன், டாக்டரிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். எங்கள் முன்னால் இருந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இதை எடுத்துக்கொண்டு உங்கள் நரம்பியல் டாக்டரிடம் போய்ப் பேசுங்கள்.

கூடுதலா, குறைவா என்பதே தப்பான கேள்வி

எதிர்ப்பு மண்டலத்தை ஒரு படை என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். கிருமி வந்தால் அடிக்கும், படை பலமாக இருந்தால் நல்லது. இந்த நோயில் அந்தப் பாடம் போதவில்லை.

மூளையிலும் தண்டுவடத்திலும் மைக்ரோக்ளியா என்ற செல்கள் இருக்கின்றன. அங்கேயே குடியிருக்கும் எதிர்ப்பு செல்கள் இவை. சாதாரண நாளில் செத்த செல்லை அள்ளிப் போடுவது, நரம்புக்கு ஊட்டம் தருவது எல்லாம் இவற்றின் வேலை. மோட்டார் நியூரான்கள் நோய்ப்படத் தொடங்கும்போது இவை காப்பாற்றத்தான் ஓடிவருகின்றன. நாளாக ஆக அதே செல்கள் கோபம் பிடித்து, நரம்புக்கு நஞ்சான பொருள்களைச் சுரக்க ஆரம்பிக்கின்றன. ஆரம்பத்தில் காப்பு, பின்னால் கேடு.

இதை எலிகளில் அழகாகக் காட்டியிருக்கிறார்கள். பரம்பரையாக வரும் ஏ.எல்.எஸ்.ஸுக்குக் காரணமான எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுப் பிழையை எலிக்குக் கொடுத்தால் அதற்கும் நோய் வரும். 2006இல் கலிபோர்னியாவில் டான் கிளீவ்லேண்ட் குழுவினர் அந்தப் பிழையை ஒவ்வொரு வகை செல்லிலிருந்தும் தனித்தனியாக நீக்கிப் பார்த்தார்கள். மோட்டார் நியூரானிலிருந்து நீக்கினால் நோய் தொடங்குவது தள்ளிப்போனது. மைக்ரோக்ளியாவிலிருந்து நீக்கினாலோ, நோய் அதே வயதில்தான் தொடங்கியது. ஆனால் தொடங்கிய பிறகு ஓடுகிற வேகம் நன்றாகக் குறைந்தது. அதாவது, குறைந்தபட்சம் இந்த எலிகளில், நெருப்பு வைத்தது எதிர்ப்பு மண்டலம் இல்லை. பற்றிய நெருப்புக்குக் காற்று வீசுவதில்தான் அதற்குப் பங்கு. எனக்கு இந்த ஒரு ஆய்வைப் படித்த பிறகுதான் மற்றதெல்லாம் புரிய ஆரம்பித்தது.

சரி, அப்படியானால் அடக்கிவிட வேண்டியதுதானே? இங்கேதான் சிக்கல். ஹூஸ்டனில் ஸ்டான்லி ஆப்பெல் குழு, இதே எலிகளிடம் டி செல்களே இல்லாமல் செய்து பார்த்தது. எலிகள் இன்னும் சீக்கிரமாகச் செத்தன. ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்களில், மற்ற எதிர்ப்பு செல்களை "போதும், நிறுத்து" என்று அமர்த்துகிற ஒரு சின்னக் கூட்டம் உண்டு. கட்டுப்படுத்தும் டி செல்கள் என்று சொல்லலாம். டாக்டர்கள் டி-ரெக் என்கிறார்கள். மனிதர்களிலும், நோய் வேகமாக ஓடுகிறவர்களிடம் இந்த அமர்த்தும் செல்கள் குறைவாக இருப்பதையும், இருப்பவையும் சரியாக வேலை செய்யாததையும் அதே குழு கண்டது.

2025இல் கொலம்பியா பல்கலைக்கழகமும் லா ஹோயா எதிர்ப்பியல் நிறுவனமும் சேர்ந்து இன்னொரு செய்தி சொன்னார்கள். ஏ.எல்.எஸ். நோயாளிகள் சிலரின் டி செல்கள், சி9ஓ.ஆர்.எஃப்.72 என்ற தன் உடம்பின் புரதத்தையே அந்நியமாகப் பார்க்கின்றன. அப்படிப் பார்க்கிறவர்களிலும், அமர்த்தும் தன்மையுள்ள டி செல்கள் அதிகம் இருப்பவர்கள் கூடுதல் காலம் வாழ்வதாக அவர்கள் கணிப்பு.

அத்தை சொன்னதும் தம்பி சொன்னதும் ஆளுக்குப் பாதி சரி. காக்கிற கையும் அடிக்கிற கையும் ஒரே உடம்பில் இருக்கும்போது, மொத்தமாகக் கூட்டுவதும் மொத்தமாக அடக்குவதும் இரண்டுமே ஆபத்து.

மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு முதலில் கேட்க வேண்டியது

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். மோட்டார் நியூரான் நோய் போலவே வேஷம் போட்டு வரும் வேறு நோய்கள் உண்டு. அதில் ஒன்றுக்கு எதிர்ப்பு மண்டல சிகிச்சை நிஜமாகவே கேட்கும்.

மல்டிஃபோகல் மோட்டார் நியூரோபதி என்று பெயர். இதுவும் பெரும்பாலும் கையில்தான் ஆரம்பிக்கும், ஒரு பக்கமாக. வலி இருக்காது, மரத்துப்போகாது, தசைத் துடிப்பும் வரலாம். ஆனால் இங்கே நரம்பு செல் சாகவில்லை. உடம்பின் எதிர்ப்பு மண்டலம் நரம்பின் வழியில் மறியல் செய்கிறது. நரம்புக் கடத்தல் பரிசோதனையில் 'கண்டக்ஷன் பிளாக்' என்று தெரியும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தத்தில், நரம்பில் இருக்கும் ஜி.எம்.1 என்ற கொழுப்புப் பொருளைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருக்கும். இவர்களுக்கு ஐ.வி.ஐ.ஜி., அதாவது பலர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருள்களை, நரம்பு வழியாக ஏற்றினால் பெரும்பாலும் விழுந்த கை எழும். ஸ்டீராய்டு கொடுத்தாலோ நிலைமை மோசமாகக்கூடும். ஒரே எதிர்ப்பு மண்டல நோய். ஒரு மருந்து காப்பாற்றுகிறது, இன்னொன்று கெடுக்கிறது.

எங்கள் டாக்டர் இதைத்தான் முதலில் பார்த்தார். சித்தப்பாவின் கையை மேசைமேல் வைத்து, ரப்பர் சுத்தியலால் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் லேசாகத் தட்டினார். சதை வற்றிப் போன அந்தக் கையே வெடுக்கென்று துள்ளியது. டாக்டர் முகம் மாறியதை நான் பார்த்தேன். வற்றிய கையில் ரிஃப்ளெக்ஸ் அடங்கியிருக்க வேண்டும். அது துள்ளுகிறது என்றால் மூளையிலிருந்து வரும் மேல் நரம்பும் கெட்டிருக்கிறது என்று பொருள். நியூரோபதியில் பொதுவாக அப்படி வராது. நரம்புக் கடத்தலிலும் எங்கும் மறியல் இல்லை. ஐ.வி.ஐ.ஜி. என்ற கதவு எங்களுக்கு அங்கேயே மூடியது.

உங்கள் வீட்டு ஆளுக்கு அந்தக் கதவு திறந்திருக்கலாம். கை மட்டும் பலவீனம், பேச்சும் விழுங்குவதும் நன்றாக இருக்கிறது, ரிஃப்ளெக்ஸ் குறைவு என்றால், "கண்டக்ஷன் பிளாக் பார்த்தீர்களா, ஜி.எம்.1 பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் நம் மண்ணுக்கே உரியது. இருபது வயதுக்கு உள்ளே கை கால் மெலிந்து, முகத்தசை தளர்ந்து, கூடவே காதும் கேட்காமல் போனால் அது 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' ஆக இருக்கலாம். மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய சென்னை டாக்டர்கள் 1970இல் எழுதியதால் ஊர்ப் பெயரே அதற்கு நின்றுவிட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் டாக்டர்கள் 36 வருடத்தில் பார்த்த 116 பேரைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். மெல்ல நகரும் நோய், பல பத்தாண்டுகள் வாழ்கிறவர்கள் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு ஏ.எல்.எஸ். கணக்கைச் சொல்லிப் பயமுறுத்தக் கூடாது.

அடக்கும் வழி

ஸ்டீராய்டு வேண்டும் என்ற தம்பிக்கு நான் காட்டியது 2007இல் அமெரிக்காவில் வந்த மினோசைக்ளின் ஆய்வை. முகப்பருவுக்குக் கொடுக்கும் சாதாரண ஆன்டிபயாடிக். மைக்ரோக்ளியாவை அமர்த்தும், எலிகளில் நன்றாக வேலை செய்தது. 412 நோயாளிகளுக்கு ஒன்பது மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்கள், எடுக்காதவர்களைவிட 25 சதவீதம் வேகமாகச் சரிந்தார்கள். பலனில்லை என்றால்கூடப் பரவாயில்லை, இது கெடுத்தது. நோயாளியின் ஒரு வருடம் என்பது நம்முடைய ஒரு வருடம் மாதிரி இல்லை. அதில் ஒரு பங்கைத் தின்றது மருந்து.

வலி நிவாரணி வகையைச் சேர்ந்த செலிகாக்சிப் 2006இல் பலனில்லை என்று முடிந்தது. காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தடுக்கும் ரவுலிசுமாப் ஆய்வைப் பலன் தெரியாததால் 2021இல் பாதியில் நிறுத்தினார்கள். நிணநீர் மண்டலம் முழுக்கக் கதிர்வீச்சு கொடுத்து எதிர்ப்பையே முடக்கிப் பார்த்ததும் உண்டு. அதுவும் நோயைத் தடுக்கவில்லை.

அதே கூடையில் கொஞ்சம் வேறுபட்டது மாசிட்டினிப் மாத்திரை. மாஸ்ட் செல், மைக்ரோக்ளியா, மேக்ரோஃபேஜ் போன்ற எதிர்ப்பு செல்களைக் குறிவைக்கிறது. நோய் மிக வேகமாக ஓடாத ஒரு பகுதியினரில் சரிவு 27 சதவீதம் குறைந்தது என்று கம்பெனி காட்டியது. ஐரோப்பிய மருந்து முகமை ஆதாரத்தின் தரத்தில் திருப்தியில்லாமல் 2018இலும் 2024இலும் மறுத்துவிட்டது.

ஸ்டீராய்டு விஷயத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நீண்ட நாள் எடுத்தால் தசையைத் தின்னும், சர்க்கரையை ஏற்றும், தொற்றுக்கு வழி விடும். தசைதான் எங்களிடம் இருக்கும் ஒரே சேமிப்பு. அதைக் கரைக்கிற மருந்துக்கு நான் சம்மதிக்கவில்லை. தம்பிக்குக் கோபம்தான். இரண்டு நாள் பேசவில்லை.

கூட்டும் வழி

அத்தை கொண்டுவந்த கஷாயம், சூரணம், 'இம்யூனிட்டி' டப்பா இதையெல்லாம் ஒரே பேச்சில் முடித்துவிடலாம். இந்த நோயில் பலன் காட்டிய ஆய்வு எதையும் நான் பார்க்கவில்லை. அடிக்கிற செல்களையும் சேர்த்தே உசுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. இந்த நோய்க்கு டாக்டர் கொடுக்கும் ரிலுசோல் மாத்திரைக்கே ஈரல் என்சைம் ஏறக்கூடும். ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதன் மேல் பெயர் தெரியாத பொடி போய்ச் சேர்ந்தால், ஈரல் கெட்டது எதனால் என்றே தெரியாமல் உள்ள மாத்திரையும் நிறுத்தவேண்டி வரும். அத்தையின் மனம் நோகாமல், ரசமும் முருங்கைக்கீரை சூப்பும் அவர் பொறுப்பு என்று ஆக்கினோம். எடை குறையாமல் பார்ப்பது இந்த நோயில் பெரிய வேலை. அதை அவர்தான் இன்றுவரை செய்கிறார்.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதில் உண்மையாகவே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி. இருமிச் சளியை வெளியேற்ற முடியாதவருக்கு ஒரு சாதாரண நெஞ்சுச் சளி போதும், ஐ.சி.யூ. வரை கொண்டுபோய்விடும்.

அமர்த்தும் செல்களை மட்டும் வளர்ப்பது

லண்டன் அக்கா அனுப்பியது இது. என்னை அதிகம் யோசிக்க வைத்ததும் இதுதான்.

இன்டர்லூக்கின்-2 புதிய பொருள் இல்லை. பெரிய அளவில் கொடுத்தால் எதிர்ப்பு மண்டலத்தை முறுக்கிவிடும்; சிறுநீரகப் புற்றுநோய்க்கு அப்படித்தான் கொடுத்தார்கள். மிகச் சின்ன அளவில் கொடுத்தால் அடிக்கிற செல்கள் அதைக் கண்டுகொள்ளாது. அமர்த்தும் டி செல்கள் மட்டும் அதை எடுத்துக்கொண்டு பெருகும். ஒரே மருந்து, அளவு மாறினால் குணமே மாறுகிறது. வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

முதலில் பிரான்ஸில் 36 பேருக்குக் கொடுத்து, ரத்தத்தில் அமர்த்தும் செல்கள் கூடுவதை உறுதிசெய்தார்கள். பிறகு பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து நடத்தியதுதான் மிரோகால்ஸ் ஆய்வு. தலைமை தாங்கியவர்களில் ஒருவர் ழில்பெர் பென்சிமோன். 1994இல் ரிலுசோல் ஆய்வை எழுதியவர்களில் முதல் பெயரும் அவர்தான். அந்த ரிலுசோல் 1995இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இந்த நோயின் முதல் மருந்து. ஒரு மனிதர் இத்தனை வருடம் இதே நோயை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று படித்தபோது, எனக்கு அவரை நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது.

220 பேர். எல்லாருக்கும் ரிலுசோல் உண்டு. அதற்கு மேல் பாதிப் பேருக்கு மாதத்தில் ஐந்து நாள், தோலுக்கடியில் 20 லட்சம் யூனிட் ஊசி. மீதிப் பாதிக்கு வெற்று ஊசி. 21 மாதம் பார்த்தார்கள். முடிவு 2025இல் லான்செட் இதழில் வந்தது. இதை இரண்டு தடவை படியுங்கள், ஏனென்றால் செய்திகளில் இரண்டாவது பாதியை மட்டும்தான் போடுகிறார்கள்.

மொத்தமாக எண்ணினால், மருந்துப் பக்கம் இறப்பு அபாயம் 19 சதவீதம் குறைவு. ஆனால் அது தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று சொல்லும் அளவுக்குச் சின்ன வித்தியாசம். அதாவது நேர்க்கணக்கில் ஆய்வு ஜெயிக்கவில்லை. ஆனால் நோயின் வேகம் ஆளுக்கு ஆள் மாறுவதால், முதுகுத் தண்டு நீரில் உள்ள நியூரோஃபிலமென்ட் அளவையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார்கள். உடைகிற நரம்பிலிருந்து கசிகிற புரதம் அது. அளவு கூடுதல் என்றால் நோய் வேகம் என்று பொருள். அதைச் சேர்த்துக் கணக்கிட்டபோது மருந்தின் பலன் தெளிவாகவே தெரிந்தது. அளவு குறைவாக இருந்தவர்களில், அவர்கள்தான் பெரும்பாலோர், இறப்பு அபாயம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. அளவு கூடுதலாக, நோய் வேகமாக ஓடியவர்களுக்குப் பலன் தெரியவில்லை.

நன்மை இது. பக்கவிளைவும் பெரிதாக இல்லை: ஊசி போட்ட இடத்தில் தடிப்பு, காய்ச்சல் மாதிரி உடம்பு வலி.

தடை என்ன? ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லாரும் அறிகுறி தொடங்கி இரண்டு வருடத்துக்குள் இருந்தவர்கள், மூச்சு நன்றாக இருந்தவர்கள். முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்து அளந்து பார்க்காமல், நம் ஆள் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு ஆய்வு. இன்னொன்று அதை உறுதிசெய்ய வேண்டும். லான்செட் கட்டுரை வந்தபோது இது இந்த நோய்க்கு ஒப்புதல் பெற்ற மருந்தும் அல்ல. அளவு தவறினால் குணமே மாறுகிற ஊசியை, "யாரோ வாங்கித் தருகிறார்" என்று வீட்டில் போட்டுக்கொள்ள முடியாது. எங்கள் டாக்டர் சொன்னது: "இதுல உண்மை இருக்குன்னு நானும் நினைக்கிறேன். ஆனா ஆய்வுக்குள்ள கிடைச்சா மட்டும் போவோம்." சித்தப்பா பெயரை அவர் குறித்து வைத்திருக்கிறார். நான் அதோடு நின்றேன். இது சரியான இடமா என்று சில இரவு தூக்கம் வராமல் யோசித்திருக்கிறேன், இன்னமும் யோசிக்கிறேன்.

ஆப்பெல் குழு இன்னொரு படி போனது. நோயாளியின் ரத்தத்திலிருந்து அமர்த்தும் செல்களைப் பிரித்து, வெளியே வளர்த்து, திரும்ப ஏற்றினார்கள். 2018இல் மூன்று பேருக்குச் செய்தது வெளியானது. ஏற்றிய மாதங்களில் சரிவு மெதுவானது. மூன்று பேர் என்பது நம்பிக்கைக்குப் போதும், முடிவெடுக்கப் போதாது.

ஸ்டெம் செல் நோட்டீஸ்

அந்த நோட்டீஸில் பளபளப்பான நரம்புப் படம், "செத்த நரம்பு மீண்டும் முளைக்கும்" என்ற வாசகம், மூன்று தவணைக்கான தொகை. அந்தத் தொகைக்குக் கடையை விற்க வேண்டியிருக்கும். சித்தப்பா அதற்கும் தயாராகத்தான் இருந்தார்.

எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுக்கும் மீசன்கைமல் என்ற வகை ஸ்டெம் செல்கள் புது மோட்டார் நியூரானாக முளைப்பதில்லை. அவற்றின் வேலை எதிர்ப்பு செல்களை அமர்த்துவதும் ஊட்டப் பொருள் சுரப்பதும்தான் என்று ஆராய்ச்சியாளர்களே சொல்கிறார்கள். அந்த வகையில் இதுவும் எதிர்ப்பு மண்டல சிகிச்சைதான். இதை முறையாகச் சோதித்த நியூர்ஓன் (NurOwn) என்ற சிகிச்சை 2020இல் பெரிய ஆய்வில் இலக்கைத் தொடவில்லை. 2023இல் அமெரிக்க மருந்துத் துறையின் ஆலோசனைக் குழுவில் 17 பேர் 'பலனுக்கு ஆதாரம் போதாது' என்றார்கள், ஒரே ஒருவர் மட்டும் ஆதரித்தார். கம்பெனியே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. அத்தனை செலவும் கண்காணிப்பும் உள்ள இடத்திலேயே இந்தக் கதி.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். தந்த 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்ற சில காரியங்களுக்குத் தவிர ஸ்டெம் செல்லை ஆய்வுக்குள் மட்டும்தான் கொடுக்கலாம். ஆய்வு என்றால் நோயாளியிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது. நான் அந்த கிளினிக்குக்கு போன் செய்து, இந்தியாவில் மருந்து ஆய்வுகளைப் பதியும் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டின் எண் கேட்டேன். "நேர்ல வாங்க மேடம், டாக்டர் பேசுவாரு" என்றார்கள். மூன்று முறை கேட்டும் எண் வரவில்லை. நோட்டீஸை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். கிழித்துப் போடாததற்குக் காரணம், சித்தப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

காசை எங்கே போட்டோம்

எதிர்ப்பு மண்டலத்தில் ஆரம்பித்த தேடல் எங்களை வேறு இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. ரிலுசோல், 50 மில்லிகிராம் காலை மாலை, ஆய்வுக் கணக்கில் தந்தது இரண்டு மூன்று மாதம். 2006இல் நியூகாசிலில் 41 பேருக்கு நடந்த பைபேப் ஆய்வில், விழுங்கும் பேசும் தசைகள் ரொம்பவும் கெடாதவர்களுக்கு, முகத்தில் மாட்டும் அந்த மூச்சு மெஷின் கொடுத்த கூடுதல் காலம் நடு அளவில் 205 நாள். தூக்கமும் நிம்மதியும் கூடின. எந்த எதிர்ப்பு மண்டல மருந்தும் இன்றுவரை இவ்வளவு சந்தேகமில்லாமல் காட்டியதில்லை.

அதனால் கடையை விற்கவில்லை. பைபேப் வாங்கப் பணம் ஒதுக்கினோம். மாத வாடகைக்கும் கிடைக்கிறது. படுத்தால் மூச்சுத் திணறல், காலையில் தலைவலி, பகலில் தூங்கி விழுவது இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே மூச்சுப் பரிசோதனை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒரு எச்சரிக்கை: மூச்சு வாங்குகிறது என்று ஆக்ஸிஜன் மெஷினை மட்டும் வாடகைக்கு எடுத்து வைக்காதீர்கள். இவர்களுக்குக் குறை, காற்றை இழுத்து வெளியே தள்ளும் தசையில். வெறும் ஆக்ஸிஜன் கொடுத்தால் உள்ளே கார்பன் டை ஆக்ஸைடு தேங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடலாம். உணவு செலுத்த வயிற்றில் குழாய் வைப்பதையும் மூச்சு நன்றாக இருக்கும்போதே பேசி முடிவெடுப்பது நல்லது.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இதே நோய் இருந்திருந்தால் மரபணுப் பரிசோதனை கேளுங்கள். ஏ.எல்.எஸ். வந்த நூறு பேரில் சுமார் இரண்டு பேருக்கு எஸ்.ஓ.டி.1 பிழை இருக்கும். அவர்களுக்காகவே 2023இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டோஃபர்சென் என்ற முதுகு ஊசி இருக்கிறது. எங்களுக்கு அந்தப் பிழை இல்லை.

நியூரோஃபிலமென்ட் பார்க்க முதுகு நீர் எடுக்கலாமா என்று போன வாரம் சித்தப்பாவிடமே கேட்டேன். "வேகமா ஓடுதுன்னு தெரிஞ்சா என்னம்மா பண்ணப் போறோம்?" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆய்வு இங்க வந்தா எடுத்துக்கலாம்" என்றார். கடையில் இப்போது தம்பிதான் வெட்டுகிறான். சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து, சாக்பீஸ் பிடிக்க முடியாத கையால் துணிமேல் கோடு எங்கே போக வேண்டும் என்று காட்டுகிறார். அடுத்த மூச்சுப் பரிசோதனை வருகிற 14ஆம் தேதி. முந்தைய இரண்டு சீட்டும் டாக்டரிடம் காட்ட என் பையில் இருக்கின்றன.